பதினோராம் பக்கத்து மின்விசிறி

ஜூன் 3, திங்கள்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் நாளைக்கு வருவதாகச் சொன்னான். அவனுடைய நாளை எது என்று அவனுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் இன்று ஒரு வம்பு. சிறுநீரகப் பிரிவிலிருந்து சிஸ்டர் ரெஜினா ஒரு பெண்ணை என் அறைக்கு அனுப்பிவிட்டாள். பெயர் சீனியம்மாள். நாற்பது வயதிருக்கும். சுரண்டைப் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றுகிறவள். கணவர் கோட்டைச்சாமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கை நரம்புகள் கெட்டுவிட்டதால் இனி மிஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய முடியாது. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே தினம் மூன்று வேளை மருந்து நீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கிற வயிற்று டயாலிசிஸ்தான் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி. சர்க்கரை அவர் கண்ணையும் பிடித்துவிட்டது. எனவே அதைச் செய்ய வேண்டியவள் இவள்தான். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் செய்கிறவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இவள் படிவத்தில் மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறாள்.

"நீங்கதான் அந்தப் பொஸ்தகம் எழுதுன டீச்சரா?"

"டீச்சர் இல்லம்மா. இங்க நோயாளிகளுக்குக் கையேடு எழுதுறவ."

"எல்லாம் ஒண்ணுதான். ஒரு பொஸ்தகம் குடுங்க. வாசிச்சிட்டு வாரேன்."

"அது பத்தாம் வகுப்பு படிச்சவங்களுக்கு எழுதினது."

"குடுங்க டீச்சர். கடிச்சா திங்கப் போறேன்?"

ஒரு பிரதி வீண் என்று நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன். முப்பத்திரண்டு பக்கம், வண்ணப் படங்கள். போன வருஷம் கோயம்புத்தூர் மாநாட்டில் சிறந்த கையேடு என்று கேடயம் வாங்கியது. பத்தாம் வகுப்பு என்பதும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. நூறு சொல்லை எடுத்து, அதில் எத்தனை வாக்கியம், எத்தனை நீளச் சொல் என்று எண்ணி, பள்ளிப் பாடநூல்களோடு ஒப்பிட்டு, இன்ன வகுப்பு நடை என்று சொல்கிற அட்டவணை ஒன்று இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்றை உட்கார்ந்து தயாரித்தவள் நான். எம்.ஏ. தமிழ் சும்மா வரவில்லை.

ஏழாம் படுக்கையில் சிவராமலிங்கம் சாரின் மனைவி மறுபடியும் அட்மிட். வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்துவந்தவர். இப்போது வயிற்றுக்குள் கிருமித் தொற்று. சார் பேங்க் மேனேஜர், எம்.காம். வீட்டில் கவனம் போதவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

கேடயத்தைத் தூசி தட்டி வைத்தேன்.


ஜூன் 5, புதன்

பிளம்பர் வரவில்லை. குழாய்க்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். தங்கச்சி போன் செய்தாள். நாகர்கோவில் கல்யாணத்துக்கு என்ன சேலை என்று அரை மணி நேரம்.


ஜூன் 7, வெள்ளி

சீனியம்மாள் வந்தாள். கையேட்டைத் திருப்பித் தந்தாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"என்னம்மா இது, புத்தகத்துல கிறுக்கி வச்சிருக்க?"

"கிறுக்கல டீச்சர். எங்க ஆளுவ 'என்னது'ன்னு கேட்ட எடம்லாம் வட்டம். ரெண்டு தரம் கேட்டா ரெண்டு வட்டம்."

யார் அந்த ஆட்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். ஊரில் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். அதனால் ஒருத்தி மட்டும் சுற்றாமல் சத்தமாக வாசிக்க வேண்டும். பேப்பர், வாரப் பத்திரிகைத் தொடர்கதை, பஞ்சாயத்து நோட்டீஸ், யாருக்காவது வந்த கோர்ட்டுக் காகிதம், எதுவானாலும். வாசிக்கிறவளின் பங்கு பீடியை மற்ற பதினொரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே வாசிக்கிறவள் இவள்.

"மூணாவதோட நிப்பாட்டிட்டாகல்லா. பெறவு ஷெட்டுலதான் வாசிக்கப் படிச்சேன். தப்பா வாசிச்சா பீடி கொறச்சுப்புடுவாளுவ."

நான் இருபத்திரண்டு வருஷத்தில் இத்தனை பக்கம் வாசித்திருப்பேனா என்று யோசித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

வட்டங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. 'இணைப்புக்குழல்', 'நுண்ணுயிர் நீக்கம்', 'வடிநீர்', எல்லாவற்றிலும் வட்டம். பதினோராம் பக்கத்தில் மட்டும் ஒரே வாக்கியத்தைச் சுற்றி மூன்று வட்டம்.

"இதுல என்ன புரியல?"

"புரியாம இல்ல டீச்சர். புரிஞ்சதுனாலதான் சண்ட வந்துச்சு. கைய முழங்கை வரைக்கும் கழுவச் சொல்லுதிய. கழுவுன பெறவு ஃபேன நிறுத்துன்னு சொல்லுதிய. கழுவுன கையால சுவிச்சத் தொட்டா, அந்தக் கைய எதுக்குக் கழுவணும்னு மாடத்தி கேக்கா. சரியாத்தானே கேக்கா?"

வாக்கியம் இதுதான்: 'முகக்கவசம் அணிந்து, கைகளை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, குழாயின் மூடியைத் திறப்பதற்கு முன்பாக, அறையின் மின்விசிறி நிறுத்தப்பட்டிருப்பதையும் சன்னல்கள் அடைக்கப்பட்டிருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும்.'

"நிறுத்தப்பட்டிருப்பதைன்னா, ஏற்கெனவே நிறுத்தியிருக்கணும்னு அர்த்தம்" என்றேன்.

"அப்ப அத முன்னாடியே சொல்லிட்டாப் போச்சு" என்றாள்.

வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வா என்று அனுப்பிவிட்டேன்.


ஜூன் 8, சனி

என் வாக்கியத்தில் தப்பில்லை. நாலு தடவை வாசித்தாயிற்று.


ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. மதியம் மீன்குழம்பு வைத்தேன், உப்பு கூடிவிட்டது. குழாய் சொட்டுகிற சத்தம் படுக்கையறை வரைக்கும் கேட்கிறது. சுவிட்சைத் தொடுகிறபோதெல்லாம் கையைப் பார்த்துக்கொள்கிறேன். இது என்ன புதுப் பழக்கமோ.


ஜூன் 10, திங்கள்

சிவராமலிங்கம் சாரைப் பார்க்க ஏழாம் படுக்கைக்குப் போனேன். அவர் மனைவிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வயிற்று வலி இருக்கிறது. மனுஷர் ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டார். பயிற்சி அறைக்குக் கூட்டிப்போய், வீட்டில் செய்கிற மாதிரியே ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன்.

"எல்லாம் புத்தகப்படிதான் மேடம். பதினோராம் பக்கத்தை லேமினேட் பண்ணி சுவர்லயே ஒட்டி வச்சிருக்கேன். மனப்பாடமா தெரியும்."

முகக்கவசம் போட்டார். கழுவுதொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாகக் கழுவினார். பிறகு நடந்துபோய் வலது கையால் மின்விசிறியை நிறுத்தினார். சன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். திரும்பி வந்து பயிற்சிப் பொம்மையின் வயிற்றுக் குழாய் மூடியைத் திறந்தார்.

"எங்கயாவது தப்பு இருக்கா மேடம்? என்னாலதான் அவளுக்கு இப்படி ஆச்சுன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எதுன்னு பிடிபடல."

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சார் ரொம்பக் களைத்திருந்தார். அந்த நேரத்தில் எதையும் பேச வேண்டாம் என்று பட்டது.

சீனியம்மாள் மதியம் வரைக்கும் என் அறை வாசலில் காத்திருந்தாளாம். நான் பின்பக்க வழியாக வந்துவிட்டேன்.


ஜூன் 11, செவ்வாய்

தலைவலி. லீவு. எட்டு சேலை இஸ்திரி போட்டேன். பிளம்பர் வந்தான், வாஷர் இல்லை என்று போய்விட்டான்.


ஜூன் 12, புதன்

டாக்டர் ஆவுடையப்பனிடம் போனேன். சிறுநீரகப் பிரிவின் தலைவர் அவர். இந்தப் பத்தாம் வகுப்பு விதியை யார் போட்டது, கொஞ்சம் தளர்த்த முடியாதா என்று நைசாக ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு போட்டாங்களா? நீங்கதான் வயலட் மேடம். புத்தகம் எந்த வகுப்பு நடைன்னு கேட்டேன். பத்துன்னு மெயில் போட்டீங்க. அப்ப பத்து படிச்சவங்களுக்குத்தானே கொடுக்கணும்னு நானும் அதையே விதியாக்கிட்டேன்."

உண்மைதான். அந்த மெயில் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் தேதியும் நினைவிருந்தது, இங்கே எழுதவில்லை. நடை பத்தாம் வகுப்பு என்று வந்தபோது இறக்கி எழுதுங்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அது ஒரு பெருமை மாதிரி எழுதி அனுப்பினேன். நடை இறங்கினால் தமிழ் இறங்கிப்போகும் என்று அப்போது நினைத்தேன். எத்தனை பேரைப் படிவத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருப்போம் என்று ரெஜினாவிடம் கேட்டேன். ஒன்பது என்றாள்.

டாக்டரிடம் பதினோராம் பக்கத்தைக் காட்டினேன். சிவராமலிங்கம் சார் செய்து காட்டியதையும் சொன்னேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"நானும் இதை வாசிச்சு ஓகே பண்ணினவன்தான். எனக்கும் படலயே."

"உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் டாக்டர். அதான் படல."

"சரி. வீட்டில் செய்யுற எல்லாருக்கும் இன்னைக்கே ரெஜினா போன் பண்ணட்டும். புத்தகத்தை மாத்தி எழுதுங்க. அந்தச் சீனியம்மாள் மூணு தடவை, ஒரு தப்பில்லாம, ரெஜினா முன்னாடி செய்து காட்டட்டும். செஞ்சா வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா பத்தொன்பதாம் தேதிக்குள்ள. கோட்டைச்சாமிக்கு ரத்தத்துல உப்பு ஏறிக்கிட்டே இருக்கு, அதுக்கு மேல தாங்காது."

ஏழு நாள் இருக்கிறது.


ஜூன் 13, வியாழன்

மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒரு கூத்து. சேர்த்து எழுதிய சொற்களையெல்லாம் பிரித்துப் போட்டேன். அட்டவணைப்படி எண்ணினால் பத்தாம் வகுப்பு ஏழாம் வகுப்பாகிவிட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை, நடுவில் இடம் விட்டதுதான். இந்த அட்டவணையை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் மிதப்பாகத் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது.


ஜூன் 15, சனி

பஸ் பிடித்து சீனியம்மாளின் ஊருக்குப் போனேன். புதுப் பிரதி டைப் செய்தது, இருபது பக்கம்.

ஷெட்டில் பன்னிரண்டு முறம், பன்னிரண்டு பேர். புகையிலை நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. பாவம் டீச்சர் என்று சிரித்தார்கள். சீனியம்மாள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். வாசித்தாள்.

அந்த வாசிப்பைப் பற்றி எழுத வேண்டும். கல்லூரியில் எத்தனையோ பேர் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். இவள் ஒரு வரியை வாசித்துவிட்டு, கைகளைப் பார்க்கிறாள். முகத்தை அல்ல. பீடி சுற்றுகிற விரல்கள் ஒரு நொடி நின்றால் வரி புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் கேட்பதற்கு முன்பே அந்த வரிக்குத் திரும்பிப் போகிறாள். என் அட்டவணை பத்து வருஷம் கண்டுபிடிக்காததை அந்த விரல்கள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டன. நான் பென்சிலும் கையுமாகத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

"வடிநீருன்னு இன்னும் போட்டிருக்காகளே" என்றாள் மாடத்தி.

"வேற என்ன சொல்லலாம்?"

"வெளிய வந்த தண்ணின்னு சொல்லுங்க. வெளிய தான வருது."

எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஒரு பெண்ணிடம் பிரதியைக் கொடுத்து, இந்தப் பக்கத்தை நீ வாசிம்மா என்றேன். பேச்சிக்கனி, இருபத்தாறு வயது. பிளஸ் டூ தேறியவள், அங்கே அதிகம் படித்தவள். என் விதிப்படி முதல் தகுதி அவளுக்குத்தான். வாங்கினாள், படத்தைப் பார்த்தாள், பக்கத்தைத் திருப்பினாள், திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணாடி கொண்டாரல மேடம்."

எல்லா விரல்களும் நின்றன. சீனியம்மாள் பிரதியை வாங்கிக்கொண்டு, "அவ கேட்டு வச்சுக்கிடுவா டீச்சர். ஒரு தரம் கேட்டா ஒம்பது வருசத்துக்கு மறக்க மாட்டா" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். விரல்கள் மறுபடி ஓடின. பேச்சிக்கனி கண்ணாடி போடுகிறவள் இல்லை என்று எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் நான் யாரையும் அதுவரை வாசிக்கச் சொல்லிப் பார்த்ததே இல்லை.

சீனியம்மாளின் இன்றைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றி அவள் முறத்தில் போட்டார்கள். எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நான் சுற்றிய ஒரே பீடியைப் பார்த்து ஷெட்டே சிரித்து உருண்டது.


ஜூன் 19, புதன்

கடைசி நாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பரீட்சை எனக்கா அவளுக்கா என்று ரெஜினா கேட்டாள்.

கோட்டைச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் ஊதி, மூச்சு வாங்கியது. "எவளுக்கும் பயப்படாதவ, இன்னைக்குக் கை நடுங்குது பாருங்க" என்றார். கண் தெரியாதவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வளையல் சத்தம் என்றார். அவள் வளையலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

முதல் முறை, சுத்தமாக முடித்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை, பாதியில் நின்றுவிட்டாள். புது மூடி கையில் இருக்கிறது. குழாயில் போட வேண்டியதுதான் பாக்கி. போடவில்லை. ரெஜினா பேனாவைத் தூக்கிவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அடுத்தது இன்னது என்று.

"சிஸ்டர், இந்த மூடி எஞ் சேலைல பட்டுடுச்சு. நீங்க பாக்கல. வேற குடுங்க."

பழையதைக் குப்பையில் போட்டாள். கையை மறுபடி முதலிலிருந்து கழுவினாள். புது மூடியைப் போட்டாள். ரெஜினா பேனாவை இறக்கி, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "நான் பயிற்சி கொடுத்த நர்ஸுங்கள்ல பாதிப் பேரு இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள்.

டாக்டர் அந்தப் பத்தாம் வகுப்பு விதியை என் எதிரிலேயே அடித்தார். திருப்பி அனுப்பிய ஒன்பது பேருக்கும் போன் செய்யச் சொன்னார். இரண்டு பேர் இப்போது இல்லை.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.


ஜூன் 20, வியாழன்

சிவராமலிங்கம் சாரிடம் சொன்னேன். பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். டாக்டர் வருகிறேன் என்றார், நான்தான் சொல்ல வேண்டும் என்று தனியாகப் போனேன்.

"சார், நீங்க ஒரு தப்பும் பண்ணல. தப்பு என் வரியில. நான் எழுதின வரிசைப்படி நீங்க சரியா செஞ்சதாலதான் அம்மாவுக்குத் தொற்று வந்திருக்கும். கவனம் போதலன்னு அறிக்கையில எழுதினதும் நான்தான். அதை மாத்தி எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுக் கையேட்டை வாங்கிப் பதினோராம் பக்கத்தைப் பார்த்தார். இப்போது அது ஏழாம் பக்கம்.

"நான் எம்.காம். மேடம். இதைத்தான் எனக்கும் முதல்லயே கொடுத்திருக்கணும்" என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "கேட்டியா, நான் ஒண்ணும் பண்ணலயாம்" என்றார். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். பின்பக்க வழி ஞாபகம் வந்தது, போகவில்லை.

வீட்டுக்கு வந்து கேடயத்தைப் பரணில் போட்டேன்.


ஜூலை 6, சனி

பிளம்பர் வந்தான். குழாய் சரியாயிற்று.

ரெஜினாவோடு வேனில் சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. ஒரு மூலையில் சுண்ணாம்பு புதிதாக அடித்து, தரையைத் துடைத்து, யாரும் மிதிக்கக் கூடாது என்று கோலமாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டைத் தாண்டப்போன என்னை, "அக்கா, அங்கயே நில்லுங்க" என்று நிறுத்தினாள். டீச்சர் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. கோட்டைச்சாமி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வீக்கம் வடிந்து, மனுஷருக்கு முகம் என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

மதிய வேளை. மின்விசிறியை நிறுத்தினாள். கதவு, சன்னல். கை கழுவினாள். நாங்கள் மூன்று பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு காத்திருந்தோம். அரை மணி நேரத்தில் வயிற்றிலிருந்து வெளியே வந்த தண்ணீர் பையில் நிறைந்தது.

இனி அது தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கியிருந்தால் தொற்று. அச்சடித்த காகிதத்தின் மேல் பையை வைத்து, எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். எல்லாரும் பழைய பேப்பரைத்தான் வைப்பார்கள். அவள் என் கையேட்டைத் தரையில் விரித்து, ஏழாம் பக்கத்தின் மேல் பையை வைத்தாள்.

"எங்க, சரியாத் தெரியுதான்னு வாசி பாப்போம்" என்றார் கோட்டைச்சாமி.

ஷெட்டில் வாசிக்கிற அதே குரலில், இரண்டு லிட்டர் தண்ணீருக்குள்ளே பார்த்து, அவள் வாசித்தாள்:

"முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்துங்கள். அப்புறம் கை கழுவுங்கள். கழுவிய கையால் வேறு எதையும் தொடாதீர்கள்."

ஓர் எழுத்தும் மங்கவில்லை.